வெறும் பேச்சுத்தானா?

“சாப்பிட்டாச்சா?” என்று கேட்கிறவர் நமக்கு இலை போடப் போவதில்லை. கையில் பையுடன் போகிறவரை நிறுத்தி, “என்ன, கடைக்கா?” என்கிறோம். அவர் கடைக்குத்தான் போகிறார் என்பது நமக்குத் தெரியும். நமக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆயினும் கேட்கிறோம். அவரும், “ஆமாம், கடைக்குத்தான்” என்று முகமலர்ந்து சொல்லிவிட்டுப் போகிறார். இந்த உரையாடலால் இருவருடைய அறிவும் எள்ளளவும் வளர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு நாள் அவர் நம்மைக் கண்டும் காணாதவர்போல் போய்விட்டால்? அன்றிரவு வீட்டில் அதுவே பேச்சு. “அவருக்கு நான் என்ன செய்துவிட்டேன்?” என்று மனம் குடைகிறது.

இன்று நம் இல்லங்கள் பலவற்றில் பெற்றோருக்கு ஒரு மனக்குறை உண்டு. மகன் கூடத்து மூலையில் கைப்பேசியும் கையுமாக அமர்ந்திருக்கிறான். யாரோ ஒருவனோடு ஓயாத பேச்சு. அந்த நண்பன் புனேயிலோ பின்லாந்திலோ இருப்பவன். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. பேசுவதுதான் என்ன? அலுவலகத்தில் மேலாளர் இன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். புதிதாய் வாங்கிய கருவி மூன்றாம் நாளே சூடேறுகிறது. நேற்றுப் பார்த்த திரைப்படத்தின் பிற்பகுதி ஒரே இழுவை. இவ்வளவே! “இதற்கா இரவு பதினொரு மணிவரை விளக்கெரிகிறது?” என்று தாய் கேட்கிறாள். நியாயமான கேள்வி. அதற்கு விடை காண நாம் சற்றுத் தொலைவு போய்வர வேண்டியிருக்கிறது.

தீவில் கேட்ட பேச்சு

போலந்து நாட்டின் கிராக்கோ நகரில் 1884ஆம் ஆண்டு பிறந்தவர் மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் இவர் நியூகினிக்குக் கிழக்கே கடலிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்கள் நடுவே வாழ்ந்தார். மொழி என்பது எண்ணத்தை எடுத்துரைக்கும் கருவி என்றுதான் நூல்கள் சொல்லிவந்தன. அவர் அங்கே கேட்ட பேச்சில் பெரும்பகுதி அந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. வேலை முடிந்து ஒன்றுகூடி அமர்ந்த மக்கள், எல்லாரும் அறிந்ததையே மீண்டும் சொன்னார்கள்; விடை தெரிந்த கேள்விகளையே கேட்டார்கள்.

1923ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில் அவர் இதற்கு விளக்கம் தந்தார். இத்தகைய சொற்கள் செய்தியைச் சுமந்து செல்வதற்காகப் பிறப்பவை அல்ல. மனிதரை மனிதரோடு பிணைப்பதற்காகவே பிறப்பவை என்றார். வாய்திறவாமல் நிற்கும் அந்நியன் அச்சத்தை விளைவிக்கிறான். அவன் ஒரு சொல் சொன்னதும் அச்சம் அகல்கிறது. அச்சொல்லின் பொருள் எதுவாயினும் சரியே.

இவ்வகைப் பேச்சுக்கு அவர் சூட்டிய பெயர் “ஃபேட்டிக் கம்யூனியன்” என்பது. முற்பகுதி, பேச்சு என்னும் பொருளுள்ள கிரேக்க வேரிலிருந்து வந்தது. பிற்பகுதியை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நற்கருணை உட்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் அதே சொல்தான். அவர் அதைத் தற்செயலாகப் பயன்படுத்தவில்லை. மௌனத்தைக் கலைத்துச் சொற்களைப் பகிர்வது தோழமையின் முதற்செயல் என்றும், அப்பத்தைப் பிட்டு உணவைப் பகிரும்போதே அத்தோழமை நிறைவு பெறுகிறது என்றும் அதே கட்டுரையில் எழுதுகிறார். திருப்பலி முடிந்த பின்னும் கோவில் முற்றத்தைவிட்டு அகலாமல் மழையையும் மாட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருப்போரைக் கண்டு பொறுமையிழக்கும் குருக்கள் உண்டு. அவர்கள் இக்கட்டுரையை ஒருமுறை படிப்பது நல்லது. நான் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிற்காலத்தில், 1996ஆம் ஆண்டு, ராபின் டன்பார் என்னும் ஆங்கிலேய அறிஞர் இன்னும் ஒருபடி மேலே போனார். குரங்குகள் ஒன்றுக்கொன்று மயிர்கோதிப் பேன் பார்ப்பதால்தான் அவற்றின் கூட்டம் குலையாமல் நிற்கிறது. மனிதக் கூட்டம் பெருகியபோது ஒவ்வொருவருக்கும் பேன் பார்க்க நேரம் போதவில்லை. அந்த வேலையைச் செய்யவே பேச்சு வளர்ந்தது என்பது அவர் கருத்து. இதை எல்லா அறிஞரும் ஏற்பதில்லை. எப்படியாயினும், திண்ணையில் அமர்ந்து பேத்திக்குப் பேன் பார்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசிய நம் பாட்டிமார் இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்தவர்கள்!

பாடப் பொறியில் பிறந்த அரட்டை

இந்தப் பேச்சு திண்ணையைவிட்டுத் திரைக்கு ஏறியது எப்போது? அண்மைக் காலத்து வழக்கம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வயதாகிவிட்டது.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது “பிளேட்டோ” என்னும் கணிப்பொறி அமைப்பு. மாணவருக்குப் பாடம் கற்பிப்பதே அதன் நோக்கம். காலப்போக்கில் பல ஊர்களில் இருந்த முனையங்கள் ஒரு பெரும்பொறியோடு இணைக்கப்பட்டன. அவற்றின் திரையில் எழுத்துகள் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்ந்தன. 1973ஆம் ஆண்டு டக் பிரவுன் என்பவர் அதில் “டாக்கோமேட்டிக்” என்னும் அரட்டை அரங்கத்தை அமைத்தார். ஓர் அரங்கில் ஐவர் கூடலாம். ஒருவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்தக் கணமே மற்றவர் திரையில் தோன்றும்; தவறாகத் தட்டியதும், தயங்கியதும், அழித்து எழுதியதும்கூட எல்லாருக்கும் தெரியும். அதே ஆண்டில் டேவிட் வூலி என்னும் 17 வயது இளைஞர் குறிப்புகளை எழுதி வைக்கும் ஓர் அமைப்பை அதே பொறியில் உருவாக்கினார். பிழைகளை முறையிடுவதற்கென்று பிறந்த அக்குறிப்பேடு, விரைவிலேயே திரைப்படம், இசை, விளையாட்டு என்று எல்லாவற்றையும் பேசும் மன்றமாயிற்று. பொறியைக் கட்டியவர்கள் பாடத்தை நினைத்தார்கள். அதன்முன் அமர்ந்த பிள்ளைகளோ தோழனை நினைத்தார்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, ஆய்வுக்கூடங்களை இணைப்பதற்காக 1969இல் தொடங்கிய “அர்ப்பாநெட்” வலையிலும் இதுவே நடந்தது. 1970களின் இறுதியில் அவ்வலையில் மிகுந்த வரவேற்பைப் பெற்ற அஞ்சற்குழுக்களுள் ஒன்று போரைப் பற்றியதும் அன்று, பௌதிகத்தைப் பற்றியதும் அன்று; அறிவியற் புனைகதைகளிலும் திரைப்படங்களிலும் மனம் பறிகொடுத்தவர்களின் குழு அது.

அலுவலகப் பேச்சால் உலகுக்கு வந்த சிறு பொருள் ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1982 செப்டம்பரில், பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணிப்பொறியாளர்கள் தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு விடுகதையைப் பேசிக்கொண்டிருந்தனர். கயிறறுந்து விழும் மின்தூக்கிக்குள் எரியும் மெழுகுவத்தியும் பாதரசத் துளியும் இருந்தால் அவற்றுக்கு என்ன நேரும் என்பது கேள்வி. ஒருவர் வேடிக்கையாக, “இடப்பக்கத்து மின்தூக்கியில் பாதரசம் சிந்திவிட்டது, எச்சரிக்கை” என்னும் பொருள்பட எழுதினார். சிலர் அதை மெய்யென்றே நம்பிவிட்டனர். எழுத்தில் குரல் இல்லை. குறும்புச் சிரிப்பு தெரிவதில்லை. வேடிக்கையை வேடிக்கை என்று காட்ட ஓர் அடையாளம் வேண்டுமே! செப்டம்பர் 19ஆம் நாள் ஸ்காட் ஃபால்மன் என்பவர் ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி ஆகியவற்றை அடுத்தடுத்து இட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தெரியும் என்று எழுதினார். இன்று நம் பிள்ளைகள் நாள்தோறும் அனுப்பும் மஞ்சள் முகங்களுக்கெல்லாம் மூத்தது அந்த முகமே. திரைப்பேச்சின் பெரிய குறையை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

வீண்பேச்சு எப்போதுமே வீணாகத்தான் போகிறது என்றும் சொல்வதற்கில்லை. திரைப்படப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். “யூஸ்நெட்” என்னும் செய்திக் குழுக்களில் திரைப்பட அன்பர்கள் கூடும் குழு ஒன்று இருந்தது. எந்த நடிகை எந்தப் படத்தில் நடித்தார், எந்த இயக்குநர் எதை எடுத்தார் என்று பட்டியலிட்டு வாதாடுவது அவர்களுடைய பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றிய கால் நீதம் என்பவர், 1990 அக்டோபரில் அப்பட்டியல்களில் தேடுவதற்கான நிரல்களை எழுதி அக்குழுவில் இட்டார். உலகத் திரைப்படங்களின் பெரும்பதிவேடாக இன்று விளங்கும் ஐ.எம்.டி.பி. இவ்வாறு பிறந்ததே. நம் தமிழ்ப் படங்களும் அதில் உள்ளன. “சினிமாப் பேச்சு சோறு போடுமா?” என்று எந்தத் தாயாவது அன்று அவரைக் கேட்டிருந்தால், 1998இல் அமேசான் நிறுவனம் அதை விலைகொடுத்து வாங்கியபோது விடை கிடைத்திருக்கும்.

வேலைப் பேச்சைப் பற்றி ஒரு சொல். மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியலார், பாஸ்டன் நகருக்கருகே, தெரிந்தவர் வழியாகப் புதிய வேலை பெற்றவர்களை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1973ஆம் ஆண்டு வெளியிட்டார். வேலைச் செய்தியைச் சொன்னவர் நெருங்கிய நண்பராயிருப்பார் என்றுதானே எண்ணுவோம்? வாரம் இருமுறையாவது சந்திக்கும் நெருக்கமானவர் மூலம் வேலை அறிந்தவர்கள் 100க்கு 17 பேருக்கும் குறைவு. ஏனையோருக்கெல்லாம் எப்போதாவது சந்திப்பவரும், ஆண்டுக்கொரு முறை பார்ப்பவருமே வழிகாட்டியிருந்தனர். நெருங்கியவருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்ததே. தூரத்துப் பழக்கம்தான் புதுச்செய்தி கொண்டுவருகிறது. “உங்கள் அலுவலகத்தில் நிலைமை எப்படி?” என்று ஒப்புக்குக் கேட்கும் கேள்விக்குள்ளும் ஒருவனுடைய பிழைப்பு ஒளிந்திருக்கக்கூடும்.

முகமூடி

இவ்வளவும் சொன்ன பிறகு, தாய்மாரின் அச்சத்தை நான் கேலிசெய்வதாக யாரும் எண்ணலாகாது. அவ்வச்சத்துக்கும் வரலாறு உண்டு.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பி வழியே இயங்கிய ஓர் உரையாடல் சேவையில் ஒரு பெண் எல்லாராலும் விரும்பப்பட்டாள். கார் விபத்தில் ஊனமுற்றவள், பேச இயலாதவள், ஆயினும் நம்பிக்கை தளராதவள் என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். பல பெண்கள் தங்கள் மனத்துயரங்களையெல்லாம் அவளிடம் கொட்டினார்கள். அவளைத் தோழியென்று போற்றினார்கள். முடிவில் வெளிப்பட்டது என்ன? அப்படி ஒரு பெண்ணே இல்லை. அவளாக எழுதியவர் நியூயார்க் நகரத்து மனநல மருத்துவர் ஒருவர், ஆண்மகன், ஊனம் எதுவும் இல்லாதவர். லிண்ட்சி வான் கெல்டர் என்னும் எழுத்தாளர் 1985இல் இதை ஒரு மாத இதழில் விரிவாக எழுதினார். ஏமாந்த பெண்கள், தங்கள் பொருளைப் பறிகொடுத்தவர்களைவிட மிகுதியாக நொந்தார்கள். ஒருவரிடம் நாள்தோறும் “இன்று பொழுது எப்படிப் போயிற்று?” என்று கேட்டுக் கேட்டு உண்டாகும் நம்பிக்கை, அத்தனை எளிதில் பெயர்த்தெடுக்கக் கூடியதன்று. வேரோடு வரும்போது தசையும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே, “என்ன பேசுகிறாய்?” என்னும் கேள்வியைவிட, “யாரோடு பேசுகிறாய்? அவரைப் பற்றிச் சொல்லேன்” என்னும் கேள்வியே வீட்டில் கேட்கத்தக்கது என்பேன். முதற்கேள்விக்கு எந்தப் பிள்ளையும், “ஒன்றுமில்லை” என்றுதான் விடை சொல்லும். அந்த விடை பொய்யுமன்று!

கிணற்றடி

பெண்ணென்று பொய்வேடம் புனைந்தவரின் கதை இதழில் வெளியான அதே 1985ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாநிலத்துச் சாசலிட்டோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் வேறொரு முயற்சி தொடங்கிற்று. தொடங்கியவர் இருவர். ஒருவர் ஸ்டூவர்ட் பிராண்ட் என்னும் பதிப்பாளர். மற்றவர் லாரி பிரில்லியண்ட் என்னும் மருத்துவர். இவர் 1970களில் நம் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் உழைத்தவர். அவர்கள் அமைத்த கணிப்பொறி மன்றத்தின் நீண்ட பெயரிலுள்ள முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் “வெல்” என்று வரும்; அதாவது, கிணறு. ஊர்ப்பெண்கள் நீர் சேந்தப்போய், குடம் நிறைந்த பின்னும் நின்று பேசிய கிணற்றடியை அறிந்த நமக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

அங்கே ஒரு விதி இருந்தது. புனைபெயரில் எழுதினாலும், அவர் உண்மையில் யார் என்பதை எவரும் அறிந்துகொள்ள முடியும். எழுதிய சொல்லுக்கு எழுதியவரே பொறுப்பு. இந்த ஒரு விதியால் முகமூடிக்கு அங்கே இடம் குறைந்தது. மக்கள் குழந்தை வளர்ப்பைப் பேசினார்கள், கணிப்பொறிப் பழுதைப் பேசினார்கள், இசையைப் பேசினார்கள், சிரித்தார்கள், சண்டையிட்டார்கள். அருகில் வாழ்ந்தவர்கள் சில வேளைகளில் ஒன்றுகூடி விருந்துண்டார்கள். மலினோவ்ஸ்கி சொன்ன அப்பம் பிட்குதல் அதுதானே!

அவர்களுள் ஒரு பெண், பேச்சையெல்லாம் விட்டுவிட்டு இமயமலைப் பக்கம் போய்ப் புத்தத் துறவியானாள். சில காலம் கழித்து, அவள் புதுதில்லியில் கல்லீரல் நோயால் நினைவிழந்து கிடக்கிறாள் என்னும் செய்தி மன்றத்தை எட்டியது. சில மணி நேரத்தில் மருத்துவம் அறிந்தவர்கள் ஆலோசனை சொன்னார்கள். வழிச்செலவுக்குப் பணம் திரண்டது. அவளைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் வழிகள் தேடப்பட்டன. அம்மன்றத்தில் உறுப்பினராயிருந்த ஹவர்ட் ரைங்கோல்ட் 1993இல் எழுதிய நூலில் இது பதிவாகியுள்ளது. கடிதமே எழுதாத உறவினர் ஆயிரம் பேர் இருந்தும் இத்தகைய உதவி கிடைக்காமல் போன வீடுகளை நாம் அறிவோம்.

அதே மன்றத்தில் டாம் மேண்டல் என்று ஒருவர் இருந்தார். எதிர்காலத்தில் தொழிலும் வாழ்வும் எவ்வாறு மாறும் என்று ஆராய்வது அவர் தொழில். கூர்மையான நாவுடையவர், சண்டைக்காரர் என்றும் பெயரெடுத்தவர், அவரால் மனம் புண்பட்டவர்களும் அங்கே உண்டு. நாள் தவறாமல் வந்து பேசுவார். அம்மன்றத்தில், ஊரில் சுற்றிவரும் சளியையும் காய்ச்சலையும் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒரு பகுதி இருந்தது. “எனக்குத் தொண்டைக் கரகரப்பு; உங்களுக்கு?” என்பதற்கு மேல் அதில் எதுவும் இராது. 1994ஆம் ஆண்டின் இறுதியில் அவரும் தமது தீராத இருமலைப் பற்றி அங்கே எழுதினார். கஷாயம் சொன்னவர்கள் சிலர். ஓய்வெடு என்றவர்கள் சிலர். கேலி செய்தவர்கள் சிலர்.

அது சளியன்று, நுரையீரல் புற்றுநோய்.

சளிக்காகத் தொடங்கிய அந்த இடத்திலேயே அவர் அதையும் அறிவித்தார். அதன்பின் அந்த இடம் மாறிப்போயிற்று. முன்பு அவரோடு மல்லுக்கு நின்றவர்களும் வந்து ஆறுதல் சொன்னார்கள். உடல் தளரத் தளர அவர் எழுதிக்கொண்டேயிருந்தார். இறுதியாக ஒரு விடைபெறும் குறிப்பு எழுதினார். தமது ஆராய்ச்சி நிறைவேறவில்லை என்றோ, நூல்கள் எழுதப்படாமற் போயின என்றோ அவர் அதில் அழவில்லை. உங்களோடு விளையாட்டாய்ப் பேசவும் வாதாடவும் இனி எனக்கு நாள் இல்லையே என்னும் துயரமே அதில் மேலோங்கி நின்றது. 1995 ஏப்ரலில், தம் 49ஆம் வயதில் அவர் காலமானார்.

மரணப் படுக்கையில் இருப்பவரைச் சந்திப்பது எங்கள் பணியின் ஒரு பகுதி. அங்கே பெரிய விஷயங்களைப் பேச முற்படுகிறவர்கள் நாங்கள், படுத்திருப்பவரோ பெரும்பாலும், “மழை பெய்ததா?” என்றுதான் கேட்கிறார். மேண்டலின் குறிப்பைப் படித்தபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

ஒஸ்லோவில் ஓர் அடக்கம்

நார்வே நாட்டில் 1989ஆம் ஆண்டு பிறந்தவர் மாட்ஸ் ஸ்டீன். தசைகள் நாளடைவில் வலுவிழந்துகொண்டே போகும் “டூஷேன்” என்னும் பரம்பரை நோய் அவருக்கு. சிறுவயதிலேயே சக்கர நாற்காலி. பின்னர், மூச்சுவிட உதவும் கருவி. இறுதியில் விரல்களில் மட்டும் எஞ்சிய சிறு அசைவு. அந்த அசைவைக்கொண்டு அவர் கணிப்பொறியின் முன் அமர்ந்து, பல நாட்டினர் ஒருங்கே கூடி ஆடும் ஒரு விளையாட்டில் நாளின் பெரும்பகுதியைக் கழித்தார். பெற்றோருக்குப் பெருங்கவலை. இரவு வெகுநேரம் விழித்திருக்கிறானே, பொய்யுலகில் நாளைக் கழிக்கிறானே என்று வருந்தினார்கள். ஆயினும், வேறு எதையும் செய்ய இயலாத மகனிடமிருந்து அதையும் பறிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

2014 நவம்பரில், 25ஆம் வயதில் மாட்ஸ் இறந்தார். பெற்றோரின் துயரம் இருமடங்காயிருந்தது. மகன் போய்விட்டான் என்பது ஒன்று. நட்பின் இன்பத்தை அறியாமலே, எவருடைய வாழ்விலும் ஒரு சுவடு பதிக்காமலே போய்விட்டான் என்பது மற்றொன்று. மாட்ஸ் இணையத்தில் ஒரு நாட்குறிப்பு எழுதிவந்தார். அதைத் திறக்கும் கடவுச்சொல்லை அவர் விட்டுச்சென்றிருந்தார். தந்தை அதில் மகனுடைய மறைவை அறிவித்து, யாரேனும் தொடர்புகொள்ள விரும்பினால் எழுதலாம் என்று தமது மின்னஞ்சல் முகவரியையும் குறித்தார்.

மடல்கள் வரத் தொடங்கின. ஒன்று, இரண்டு என்றல்ல, வந்துகொண்டேயிருந்தன. பல நாடுகளிலிருந்து, பெற்றோர் பெயரே கேட்டறியாத மனிதர்கள், பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவ்விளையாட்டில் “ஐபெலின்” என்னும் பெயர் பூண்டு, “ஸ்டார்லைட்” என்னும் நண்பர் குழுவில் ஆண்டுக்கணக்காக இருந்திருக்கிறார் மாட்ஸ். விளையாட்டு ஒரு சாக்கு, பேச்சே பிரதானம். நெதர்லாந்து நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கணிப்பொறியை, படிப்புக் கெடுகிறதென்று பெற்றோர் பறித்துவிட்டபோது, மாட்ஸ் அப்பெற்றோருக்குப் பொறுமையாக ஒரு கடிதம் எழுதி அவளுக்காகப் பரிந்துரைத்திருக்கிறார். பாசத்தை வெளிப்படுத்த இயலாத மகனோடு எவ்வாறு நெருங்குவது என்று கலங்கிய ஒரு தாய்க்கு, அந்த விளையாட்டின் உள்ளேயே மகனைச் சந்திக்கும்படி வழிசொல்லியிருக்கிறார். இதுபோல் இன்னும் எத்தனையோ.

இங்கே ஒன்றை மறைக்கலாகாது. மாட்ஸும் ஒரு முகமூடி அணிந்திருந்தார். தமது நோயைப் பல ஆண்டுகள் அந்நண்பர்களுக்குத் தெரிவிக்கவில்லை. திரையில் அவர் ஓடினார், குதித்தார், வாளேந்தினார். நியூயார்க் மருத்துவர் இல்லாத ஊனத்தை இருப்பதாகக் காட்டி இரக்கத்தைக் கவர்ந்தார். இவரோ, இருந்த ஊனத்தை மறைத்து, இரக்கம் கலவாத நட்பை நாடினார். இரண்டும் உண்மையை மறைத்த செயலே என்று நீதிநூல் வல்லவர்கள் வாதிடக்கூடும். வாதிடட்டும். உயிர்பிரிவதற்கு ஓராண்டுக்கும் சற்று முன்னர் அவரே தம் நாட்குறிப்பில் உண்மையை எழுதினார். நண்பர்கள் ஒருவரும் விலகிப்போகவில்லை.

அக்குழுவினர் பேசியவையெல்லாம் எழுத்து வடிவில் சேமிக்கப்பட்டிருந்தன. அவை ஏறக்குறைய 42,000 பக்கங்கள் என்று சொல்லப்படுகிறது. அவற்றைக் கொண்டு பெஞ்சமின் ரீ என்னும் இயக்குநர் மாட்ஸின் வாழ்வைச் சித்திரிக்கும் ஆவணப்படத்தை எடுத்தார். 2024இல் அது வெளிவந்தது. 42,000 பக்கங்கள்! ஒரு தனிப்பட்ட பக்கத்தைப் பிரித்தெடுத்து, “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், அநேகமாக ஒன்றும் இராது. வேலை அலுப்பு, தலைவலி, பகிடி, நாளை எப்போது வருவாய் என்னும் கேள்வி. அவ்வாறு பக்கங்கள் சேர்ந்துகொண்டே போனதனால்தான், சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டிய இரவில் அச்சிறுமிக்கும் அத்தாய்க்கும் சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தார்.

ஒஸ்லோவில் நடந்த அடக்கச் சடங்குக்கு, மாட்ஸை ஒருமுறையேனும் நேரில் கண்டிராத நண்பர்கள் சிலர் ஐரோப்பாவின் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்திருந்தார்கள். பெட்டிக்குள் இருந்தவரின் முகத்தைவிட அவருடைய பேச்சை நன்கு அறிந்தவர்கள். அவர்களுள் ஒருவர் எழுந்து, வர இயலாதவர்களின் சார்பில் சில சொற்கள் பேசினார். நாம் இங்கே கூடியிருக்கும் இந்நேரத்தில் மாட்ஸுக்காக வேறு இடங்களிலும் மெழுகுவத்தி எரிகிறது என்றார். அவ்விடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்: நெதர்லாந்தில் ஒரு பள்ளி வகுப்பறை, அயர்லாந்தில் தொலைபேசி அழைப்புகளுக்கு விடைகூறும் ஓர் அலுவலகம், சுவீடனில் ஒரு நூலகம். பின்லாந்தில் ஒரு சிறிய அழகு நிலையத்திலும், டென்மார்க்கில் ஒரு நகராட்சி அலுவலகத்திலும் அவரை நினைக்கிறார்கள் என்றார்.

எல்லாம் அவர்கள் வேலை செய்த இடங்கள். ஒவ்வொரு மாலையும், “இன்று வேலை எப்படி?” என்று மாட்ஸ் கேட்டுத் தெரிந்துகொண்ட இடங்கள்.